கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டை விட்டு நான் கிளம்பிய தேதி எது?

என் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் பதில் சுலபம். 2022 ஆகஸ்ட் 14 அன்று சான் பிரான்சிஸ்கோவில் விமானம் ஏறினேன். சிங்கப்பூர் வழியாக கோயம்புத்தூர் வந்து இறங்கினேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கைக்குக் கிடைத்த துணியை ஒரு பெட்டியில் திணித்துக்கொண்டு வந்தவள்தான், அதன் பிறகு கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை.

ஆனால் கலிஃபோர்னியாவின் வருமான வரிக் கணக்கில் நான் அந்த மாநிலத்தை விட்டுக் கிளம்பிய தேதி 2023 ஜூன் 18. நடுவில் இருக்கும் பத்து மாதம் நான் கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தபடியே கலிஃபோர்னியாவின் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் அங்கே வசிப்பவள். இது எனக்குப் புரிவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. கையை விட்டும் சுமார் 4,000 டாலர் போயிற்று.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு ஊர் திரும்பும் நம்மவர்கள் ஃபெடரல் வரியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் உலகம் முழுக்க வரும் வருமானத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மாநில வரி என்று வந்தால், "அதான் அங்க இல்லையே, அப்புறம் என்ன வரி?" என்று கடந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் கடந்தேன். டெக்சாஸ், ஃப்ளோரிடா, நெவாடா, வாஷிங்டன் மாதிரி சம்பளத்துக்கு மாநில வரியே இல்லாத இடத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், வர்ஜீனியா போன்ற இடங்களிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் இதை விமானம் ஏறுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

விஷயத்தின் மையம் டொமிசைல் என்ற ஒரு சொல். அதைச் சட்டப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. அம்மா கேட்ட ஒரு கேள்வியில் பிடிபட்டது. ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கப் பழகிய நாட்களில் தினமும் ஒரு தடவையாவது கேட்பார்: "ஏங் கண்ணு, நீ எப்ப ஊருக்குப் போற?" அவர் ஊர் என்று சொன்னது ஃப்ரீமான்ட்டை. நான் பிறந்து வளர்ந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா வாயாலேயே என் ஊர் வேறு எங்கோ இருக்கிறது.

டொமிசைல் என்பது அந்த ஊர்தான். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு பதில், எந்த ஊர் என்று கேட்டால் வேறு பதில் சொல்கிறோம் இல்லையா, அந்த இரண்டாவது பதில். ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல வீடுகள் இருக்கலாம், டொமிசைல் ஒன்றுதான் இருக்க முடியும். புது இடத்தில் நிலையாக இருப்பது என்று முடிவு செய்து, உண்மையிலேயே அங்கே குடியேறும் வரை பழைய டொமிசைல் நம்மை விடாது. கலிஃபோர்னியா சட்டப்படி, அந்த மாநிலத்தை ஊராகக் கொண்டவர் தற்காலிகக் காரியத்துக்காக வெளியே போயிருந்தால், போன இடத்தில் எத்தனை மாதம் இருந்தாலும் அவர் ரெசிடென்ட்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வந்தவள் தற்காலிகமாக வந்தவளா, நிரந்தரமாக வந்தவளா? வரும்போது எனக்கே தெரியாது. என்னிடம் இருந்த காகிதங்களுக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

2022க்கான ரிட்டர்னை நானே மென்பொருளில் போட்டேன். ஆகஸ்ட் 14 வரை ரெசிடென்ட், அதற்குப் பிறகு நான்ரெசிடென்ட் என்று 540என்ஆர் படிவத்தில் பிரித்துக் காட்டினேன். என் மாதச் சம்பளம் அப்போது 13,000 டாலர். கடைசி நாலரை மாதச் சம்பளம், 58,500 டாலர், கலிஃபோர்னியாவுக்கு வெளியே சம்பாதித்தது என்று கழித்தேன். கம்பெனியின் சம்பளப் பிரிவு வருடம் முழுவதும் கலிஃபோர்னியா வரியைப் பிடித்திருந்ததால் ஒரு தொகை ரீஃபண்டாக வந்தது. சந்தோஷமாக அம்மாவின் பிசியோதெரபிக்குச் செலவு செய்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தைரியம் கொடுத்தது எங்கேயோ கேள்விப்பட்ட "546 நாள்" விதி. அந்த விதி உண்மைதான். கலிஃபோர்னியாவை டொமிசைலாகக் கொண்ட ஒருவர், வேலை ஒப்பந்தத்தின் பேரில், தொடர்ச்சியாகக் குறைந்தது 546 நாள் மாநிலத்துக்கு வெளியே இருந்தால் அவரை நான்ரெசிடென்ட்டாக எடுத்துக்கொள்வார்கள். கூடவே போகும் கணவனுக்கோ மனைவிக்கோ அதே சலுகை உண்டு. நடுவில் வந்து போகலாம், ஆனால் ஒரு வரி ஆண்டில் 45 நாளைத் தாண்டக் கூடாது. வட்டி, டிவிடெண்ட் போன்ற முதலீட்டு வருமானம் எந்த ஆண்டிலும் 2,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. வரியைத் தவிர்ப்பது போவதன் முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது. நான் நாட்களை மட்டும் எண்ணினேன். "வேலை ஒப்பந்தத்தின் பேரில்" என்ற வார்த்தைகளைத் தாண்டிப் போய்விட்டேன். கம்பெனி என்னை கோயம்புத்தூருக்கு அனுப்பவில்லை. அம்மாவுக்காக நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த விதி எனக்குப் பொருந்தவே பொருந்தாது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைகளை இங்கே படிக்கவைக்க, ஓய்வு பெற்று என்று ஊர் திரும்புகிற பெரும்பாலானவர்களுக்கும் பொருந்தாது.

2024 மார்ச்சில் கடிதம் வந்தது, அதுவும் ஃப்ரீமான்ட் முகவரிக்கு. எங்கள் வீட்டில் அப்போது வாடகைக்கு இருந்தவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். மாநில வரித்துறை கேட்டதில் தவறே இல்லை. கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பளச் சான்றான டபிள்யூ-2வில் முழு வருடச் சம்பளமும் கலிஃபோர்னியாவுக்கு என்று இருக்கிறது, ரிட்டர்னில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, ஏன் என்று விளக்கச் சொன்னார்கள். கூடவே கேள்விகள்: எந்த நாளில் கிளம்பினீர்கள், கணவர் எங்கே வசிக்கிறார், பிள்ளை எங்கே படிக்கிறது, வீடு யார் பெயரில் இருக்கிறது, கார் எங்கே பதிவாகியிருக்கிறது, எந்த மாநில லைசென்ஸ், எங்கே ஓட்டுப் போட்டீர்கள்.

சான் ஹோசேயில் ஒரு என்ரோல்ட் ஏஜென்ட்டைப் பிடித்தேன். ஃபெடரல் வரித்துறையிடம் நம் சார்பில் பேச உரிமம் பெற்றவர்களுக்கு அந்தப் பெயர், மாநில விவகாரங்களையும் பார்ப்பார்கள். முதல் வீடியோ அழைப்பில் அவர் என்னிடம் கதையெல்லாம் கேட்கவில்லை. "விமான டிக்கெட்டைக் காட்டுங்க" என்றார்.

மின்னஞ்சலில் தேடி எடுத்துத் திரையில் காட்டினேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோயம்புத்தூர், கோயம்புத்தூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ. திரும்பும் தேதி 2023 பிப்ரவரி 11. ஒரு வழி டிக்கெட்டை விட ரிட்டர்ன் டிக்கெட் அன்றைக்கு மலிவாக இருந்ததால் எடுத்தேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே, "கம்பெனி கொடுத்த அனுமதிக் கடிதம்?" என்றார். அதையும் காட்டினேன். "குடும்பத்தினரின் உடல்நிலை காரணமாக, தற்காலிகமாக, 2023 பிப்ரவரி வரை வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய" என்று இருந்தது. நான் அனுப்பிய விண்ணப்பத்திலும் அதே சொல். தற்காலிகமாக.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கணவர் ஃப்ரீமான்ட்டில், மகள் அங்கே எட்டாம் வகுப்பில், வீடு எங்கள் இருவர் பெயரில், என் கார் அதே கராஜில். நவம்பர் 2022 தேர்தலில் அலமேடா கவுண்டி ஓட்டுச்சீட்டை வரவழைத்து மாநில, உள்ளூர்ப் பதவிகள் எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போட்டிருந்தேன். பல் மருத்துவர் அங்கே. ஃபெடரல் ரிட்டர்னில் நான் எழுதிய முகவரிகூட ஃப்ரீமான்ட். ஒரே நாளில் அனுப்பிய இரண்டு ரிட்டர்ன்களில், ஒன்றின் முதல் பக்கத்தில் என் வீடு ஃப்ரீமான்ட் என்றும், இன்னொன்றில் நான் அங்கே வசிக்கவில்லை என்றும் நானே எழுதியிருக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு பட்டியல் உண்டு. ப்ராக் என்பவரின் மேல்முறையீட்டில் 2003இல் வந்த தீர்ப்பிலிருந்து எடுத்தது. வீடுகள் எங்கே, கணவன் மனைவி பிள்ளைகள் எங்கே, பள்ளி எங்கே, சொந்தக் குடியிருப்புக்கான சொத்து வரிச் சலுகை எங்கே வாங்குகிறீர்கள், வங்கிப் பரிவர்த்தனைகள் எங்கிருந்து நடக்கின்றன, வண்டிப் பதிவு, லைசென்ஸ், ஓட்டு, மருத்துவர், கணக்கர், கோயில், சங்கம், தொலைபேசி, எத்தனை நாள் எங்கே கழித்தீர்கள் என்று நீளும். எந்த ஒன்றும் தனியாக முடிவு செய்யாது, எல்லாவற்றையும் சேர்த்து எந்தப் பக்கம் கனம் என்று பார்ப்பார்கள். என் தராசில் ஒரு பக்கம் நாட்கள் மட்டும் இருந்தன. மறுபக்கம் மற்ற எல்லாம்.

"ஆகஸ்ட் 14க்காகச் சண்டை போடாதீங்க, ஜூன் 18ஐக் காப்பாத்துவோம்" என்றார். எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. நான் உண்மையிலேயே அங்கே இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் உண்மைக்கும் நெருக்கமாக இருந்தது. திரும்பிப் போவதில்லை என்று நானும் கணவரும் பேசி முடிவெடுத்தது 2023 ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த வாரம். அதைச் செய்து முடித்தது ஜூனில். மகளின் பள்ளி ஆண்டு முடிந்து, கணவர் வேலையை விட்டு, வீட்டை வாடகைக்கு விட்டு, சாமான்களைக் கன்டெய்னரில் ஏற்றி, மூன்று பேரும் ஒரே இடத்தில் சேர்ந்த நாள் ஜூன் 18. 2022 ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் செய்து, வாங்கிய ரீஃபண்டை வட்டியோடு திருப்பிக் கட்டினேன். 58,500 டாலருக்கு அது சுமார் 4,000 வந்தது. 540என்ஆரில் மொத்த வருமானத்துக்கும் வரி விகிதம் கண்டுபிடித்து, அந்தச் சராசரியைத்தான் கலிஃபோர்னியா பங்குக்குப் போடுவார்கள் என்பதால் என் வருமான அடுக்குக்கு உரியது என்று நான் பயந்த 9.3 சதவீதம் முழுசாக வரவில்லை.

அந்த 4,000 டாலரில் வலித்தது வேறு ஒன்று. கோயம்புத்தூரில் உட்கார்ந்து வேலை பார்த்த சம்பளம் இந்தியாவில் ஈட்டியது என்பதால் இந்திய வரியும் அதற்கு உண்டு. இந்தியாவில் கட்டியதை ஃபெடரல் ரிட்டர்னில் 1116 படிவத்தில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் அப்படி எதுவும் கிடையாது. மற்ற அமெரிக்க மாநிலங்களுக்குக் கட்டிய வரிக்குக் கழிவு தருவார்கள், வேறு நாட்டுக்குக் கட்டியதற்குத் தர மாட்டார்கள். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தம் ஃபெடரல் வரிக்கானது, கலிஃபோர்னியாவை அது கட்டுப்படுத்தாது. ஃபெடரலில் 2555 படிவம் போட்டு வெளிநாட்டுச் சம்பளத்தைக் கழிக்கும் வசதி (2024க்கு 1,26,500 டாலர் வரை) கலிஃபோர்னியா சட்டத்தில் இல்லை. ஃபெடரலில் ஒரு டாலர்கூட வரி வராமல், மாநிலத்துக்கு முழுசாகக் கட்டும் நிலை வரலாம். ரெசிடென்சி தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் இதனால்தான்.

சரி, ஜூன் 18ஐக் காப்பாற்ற என்ன செய்தோம்? அதிர்ஷ்டவசமாகப் பெரும்பாலானவற்றை வரி ஞாபகமே இல்லாமல் வாழ்க்கைக்காகவே செய்திருந்தோம். வீட்டைத் தெரியாத ஒரு குடும்பத்துக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் விட்டோம். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டு ஒரு அறையைப் பூட்டி வைத்திருந்தால் கதை மாறியிருக்கும். இரண்டு கார்களையும் விற்று, விற்றதை மாநில வாகனத் துறைக்குத் தெரிவித்தோம். மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள், சேர்க்கைக் கட்டண ரசீது இருக்கிறது. 2023 ஜூலையில் என்னைக் கம்பெனியின் இந்திய நிறுவனத்துக்கு மாற்றி, இந்தியச் சம்பளத்தில் புது வேலை ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஏஜென்ட் எல்லாவற்றையும் விட அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் முகம் மலர்ந்தார்.

செய்யாமல் விட்டவையும் இருந்தன. வீட்டுக்கு வரும் சொத்து வரி ரசீதில், சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்கான சலுகை அப்படியே தொடர்ந்துகொண்டிருந்தது. மதிப்பில் 7,000 டாலர் கழிப்பார்கள், வருடத்துக்கு மிச்சம் சுமார் 70 டாலர். அந்த 70 டாலருக்காக, "இதுதான் என் முதன்மை வீடு" என்று கவுண்டியிடம் நாங்கள் சொல்லிக்கொண்டிருப்பதாக ஆகிறது. உடனே எழுதி ரத்து செய்து, அந்த வருடத்துக்கானதைத் திருப்பிக் கட்டினோம். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

முகவரி இன்னொன்று. வங்கிக் கடிதங்கள் தவறிவிடக் கூடாது என்று ஃப்ரீமான்ட்டில் ஒரு தோழியின் முகவரியை எல்லா இடத்திலும் கொடுத்திருந்தேன். நம்மில் நிறையப் பேர் இதைச் செய்கிறோம். கடிதம் வாங்க மட்டும் என்று நமக்குத் தெரியும், வங்கி அனுப்பும் வட்டிக் கணக்கில் கலிஃபோர்னியா முகவரி என்று மட்டும்தான் இருக்கும். ஃபெடரலுக்கு 8822, கலிஃபோர்னியாவுக்கு 3533 என்று முகவரி மாற்றப் படிவங்கள் உண்டு, இரண்டையும் போட்டு கோயம்புத்தூர் முகவரிக்கு மாற்றினேன். பங்குத் தரகு நிறுவனம் ஒன்று இந்திய முகவரியைப் பார்த்ததும் கணக்கை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டது. வேறு ஒன்றைத் தேடி மாற்ற மூன்று மாதம் அலைந்தேன். இருந்தாலும் உண்மையான முகவரியைக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

ஓட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரிக்குப் பயந்து ஓட்டையே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விட வேண்டாம். வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் கடைசியாக வசித்த மாநிலத்தின் வழியாக ஃபெடரல் பதவிகளுக்கு ஓட்டுப் போட 1986ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தின்படி ஓட்டுப் போடுவது வரிக்கான ரெசிடென்சியைப் பாதிக்காது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. மாநில, உள்ளூர்ப் பதவிகளுக்கும் சேர்த்து ஓட்டுப் போடும்போதுதான் கேள்வி வரும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: வெளிநாட்டில் வசிக்கிறேன், திரும்பி வரும் எண்ணம் உண்டு என்று ஒன்று, திரும்பி வருவது நிச்சயமில்லை என்று ஒன்று. 2022இல் நான் யோசிக்காமல் முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன். 2024 தேர்தலுக்கு இரண்டாவதைக் குறித்தேன், ஃபெடரல் பதவிகளுக்கு மட்டும் போட்டேன்.

பெரியம்மா மகன் அண்ணன் ஒருவர் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போனார். அவர் கதை முற்றிலும் வேறு. நியூயார்க்கில் மனசைக் கேட்காமல் நாட்களை எண்ணும் ஒரு விதி உண்டு. தொடர்ச்சியான 548 நாட்களில் குறைந்தது 450 நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் நியூயார்க்கில் 90 நாளைத் தாண்டக் கூடாது. முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் இந்த 90ஐ விகிதப்படி குறைத்து எண்ணும் கணக்கும் உண்டு. இதற்கெல்லாம் உட்பட்டால் டொமிசைல் நியூயார்க்காகவே இருந்தாலும் நான்ரெசிடென்ட். எளிதாகத் தெரிகிறது, ஆனால் மனைவியும் மைனர் பிள்ளைகளும் அதே 90 நாள் கணக்கில் வருவார்கள். அண்ணன் 2022 மே 1 அன்று கிளம்பினார். பிள்ளைகள் பள்ளி முடிந்து ஜூன் 26 வரை க்வீன்ஸ் வீட்டில் இருந்தார்கள், 57 நாள். அடுத்த வருடக் கோடையில் அங்கேயே தாத்தா பாட்டியோடு ஆறு வாரம், 42 நாள். கூட்டினால் 99. ஒன்பது நாள் அதிகம்.

அவர் தன் நாட்களை மட்டும் எண்ணி மே 1 முதல் நான்ரெசிடென்ட் என்று போடப் போனார். நல்ல வேளையாக நான் என் கதையைச் சொல்லியிருந்தேன். "அண்ணா, பிள்ளைங்க நாளையும் எண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன். எண்ணவில்லை. அவருடைய கணக்கர் 548 நாளின் ஆரம்பத்தை ஜூன் 27க்கு நகர்த்தினார், அப்போது பிள்ளைகளின் முதல் 57 நாள் கணக்குக்கு வெளியே போய்விட்டது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு நியூயார்க் வரி கட்டி முடித்தார். என்னைப் போலத் திருத்தித் தாக்கல் செய்து வட்டி கட்ட வேண்டிய நிலை வரவில்லை.

நான்ரெசிடென்ட் ஆனபிறகு கலிஃபோர்னியாவுக்கு எதுவுமே கட்ட வேண்டாம் என்று இல்லை. அங்கே விளைந்த வருமானம் அங்கேதான். ஃப்ரீமான்ட் வாடகைக்கு வருடா வருடம் 540என்ஆர் போடுகிறேன். நான்ரெசிடென்ட்டுக்கு வருடம் 1,500 டாலருக்கு மேல் வாடகை போனால், வீட்டைப் பராமரிக்கும் ஏஜென்சி 7 சதவீதம் பிடித்துவைக்க வேண்டும், ரிட்டர்னில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டை விற்றாலும் விற்பனைத் தொகையில் 3.33 சதவீதம் பிடிப்பார்கள். வங்கி வட்டி, பங்குகளின் டிவிடெண்ட் ஆகியவற்றை நான்ரெசிடென்ட்டிடம் கேட்க மாட்டார்கள். ஓய்வூதியக் கணக்கிலிருந்து, அதாவது 401கே, ஐஆர்ஏ போன்றவற்றிலிருந்து, பின்னால் எடுக்கும் பணத்துக்கு நாம் விட்டுவந்த மாநிலம் வரி போடக் கூடாது என்று 1996இலிருந்து ஃபெடரல் சட்டமே இருக்கிறது. இது தெரியாமல் பயந்துபோய், கிளம்புவதற்கு முன்பே 401கேயைக் கலைத்து அபராதம் கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

கம்பெனிப் பங்குகளில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எனக்கு 2021 மார்ச்சில் ஒதுக்கிய ஆர்எஸ்யூவின், அதாவது கம்பெனி தவணை முறையில் தரும் பங்குகளின், கடைசித் தவணை 2025 மார்ச்சில் கைக்கு வந்தது. அப்போது நான் இந்தியாவில் குடியேறி வருடக்கணக்காகிவிட்டது. இருந்தாலும் ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை, கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களின் பங்குக்கு அங்கே வரி உண்டு. 48 மாதத்தில் எனக்குச் சுமார் 17 மாதம், கிட்டத்தட்ட 35 சதவீதம். இதற்கு நான் எங்கே வேலை பார்த்தேன் என்ற கணக்குதான், ரெசிடென்சித் தேதி இல்லை. ஆகஸ்ட் 14க்கு இங்கே மதிப்பு இருந்தது.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கும் சுயதொழில் செய்பவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வேலை பார்க்கும் நான்ரெசிடென்ட் ஊழியரின் சம்பளம் கலிஃபோர்னியாவின் வருமானம் ஆகாது. அதே வேலையைத் தனி ஒப்பந்தக்காரராக, கலிஃபோர்னியாவில் இருக்கும் வாடிக்கையாளருக்குச் செய்து கொடுத்தால், அந்தச் சேவையின் பலன் எங்கே கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் என்றால் வரி உண்டு. இங்கே வந்தபிறகு கன்சல்டன்சி ஆரம்பிக்கும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள்.

"கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வாரம் டெக்சாஸ் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டு அங்கிருந்து விமானம் ஏறினால் போதும்" என்று ஒரு யோசனை எல்லா வீட்டு விருந்திலும் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டெக்சாஸில் வேலை பார்த்து ஒரு வருடம் குடியிருந்து கிளம்பினால் அது உண்மையான மாற்றம். நண்பர் வீட்டு சோஃபாவில் இரண்டு வாரம் தூங்கி எடுத்த லைசென்ஸ், கனமான தராசில் ஒரு அட்டைத் துண்டுதான். நாம் போவது கோயம்புத்தூருக்கு என்றால் கோயம்புத்தூரை ஊராக்கிக்கொள்வதற்கான காகிதங்களைச் சேர்ப்பதே மேல்.

இப்போது கிளம்பப் போகிறவர் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது டிக்கெட்டைப் பற்றித்தான். நிரந்தரமாகப் போகிறீர்கள் என்றால் ஒரு வழி டிக்கெட் எடுங்கள், நூறு டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை. கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் மனதில் இருப்பதையே எழுதுங்கள். தற்காலிகம்தான் என்றால் தற்காலிகம் என்றே எழுதி, மாநில வரியையும் கட்டிவிடுங்கள். முடிவு மாறினால், மாறிய அன்று அதைக் காகிதத்தில் பதிவு செய்யுங்கள். நாங்கள் பொங்கலுக்கு அடுத்த வாரம் முடிவெடுத்ததற்கு எங்களிடம் ஒரு சான்றும் இல்லை, இரவில் அம்மா தூங்கியபிறகு ஃபோனில் பேசிக்கொண்டது மட்டும்தான். கணவரும் மனைவியும் வெவ்வேறு தேதியில் கிளம்பினால் பின்னால் வருபவரின் தேதிதான் பெரும்பாலும் நிற்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

பிறகு ரிட்டர்ன். கலிஃபோர்னியாவில் வருமானமே இல்லாத வருடமாக இருந்தாலும், கிளம்பிய வருடத்துக்குக் கண்டிப்பாக 540என்ஆர் போடுங்கள். தாக்கல் செய்தால் நான்கு வருடத்துக்குப் பிறகு பொதுவாக அந்த வருடத்தைத் தோண்ட முடியாது. தாக்கலே செய்யாத வருடத்துக்குக் காலவரம்பு ஓடவே ஆரம்பிக்காது, பத்து வருடம் கழித்தும் கேட்கலாம்.

ஃப்ரீமான்ட்டுக்கு இப்போதும் போகிறோம். 2024இல் 19 நாள், தோழி வீட்டில் தங்கினோம். டிக்கெட் கோயம்புத்தூரில் ஆரம்பித்து கோயம்புத்தூரில் முடிகிறது. 45 நாள் வரம்பு எனக்குச் சட்டப்படி பொருந்தாது என்றாலும் அதைத் தாண்டுவதில்லை என்று நாங்களாக வைத்துக்கொண்டிருக்கிறோம். போர்டிங் பாஸ்களைத் தேதி வாரியாக ஒட்டி வைக்கிறேன்.

2023 ரிட்டர்னை 2024 அக்டோபரில் அனுப்பினேன். 2028 அக்டோபர் வரை அதற்கான காகிதங்களை வைத்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், கன்டெய்னர் ரசீது, கார் விற்ற பத்திரம், பள்ளிச் சேர்க்கை ரசீது, ஜூலை மாத வேலை ஒப்பந்தம் எல்லாம் ஒரு நீல ஃபைலில், அம்மாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன.